கொடுமுடி கிடைக்கவில்லை, பெருந்துறை கிடைக்கிறது: இதை எங்கே, எப்படிக் கேட்பது?

மண்டிக்கணக்கு:

எல்லோருக்கும் வணக்கமுங்க. ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். படித்தது பி.காம்., பைத்தான் எல்லாம் யூடியூப் பார்த்துப் பழகினதுதான். மண்டிக்கு நானே ஒரு சின்ன மென்பொருள் செய்து வைத்திருக்கிறேன். எந்த விவசாயி எத்தனை மூட்டை கொண்டுவந்தார், அதில் விரலி எவ்வளவு, கிழங்கு எவ்வளவு, ஏலத்தில் குவிண்டால் என்ன விலைக்குப் போனது, அவர் ஏற்கெனவே வாங்கிய முன்பணம் எவ்வளவு என்று போட்டுவைத்தால் கடைசியில் கழிக்க வேண்டியதைக் கழித்துச் சிட்டை அடித்துக் கொடுக்கும். தரவுத்தளம் எஸ்க்யூலைட்.

பிரச்சினை தேடலில். ஊரையும் பெயரையும் கொடுத்துத் தேடினால் சில விவசாயிகள் வருவதே இல்லை. அட்டவணையைத் திறந்து கண்ணால் பார்த்தால் ஆள் அங்கேயே இருக்கிறார். கொடுமுடிப் பக்கத்து விவசாயி ஒருவருக்கு இப்படித்தான் ‘பாக்கி இல்லை’ என்று காட்டி, முன்பணம் கழிக்காமலே சிட்டை போய்விட்டது. நல்ல மனுஷர். வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு அவரே திரும்பி வந்து, “ஏப்பா, ஆடியில வாங்குன பணத்தக் கழிக்கவே இல்லையே” என்றார். எல்லோரும் அப்படி வந்து சொல்வார்களா? முதலாளி, “அந்தப் பொட்டியை மூடிட்டுப் பேரேட்டை எடு” என்று சொல்லிவிட்டார். மாசி பிறந்துவிட்டது, புது மஞ்சள் வரத்து ஏறிக்கொண்டே இருக்கிறது. இந்த நேரத்தில் பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும்.

ஒரு ஆங்கிலத் தளத்தில் கேட்டுப் பார்த்தேன். ‘தேடல் வேலை செய்யவில்லை, அவசரம், தயவுசெய்து உதவவும்’ என்று தலைப்புப் போட்டு, திரையைப் படம் பிடித்து ஒட்டினேன். பொழுது சாய்வதற்குள் கேள்வியை மூடிவிட்டார்கள். விவரம் போதாது என்று ஒருவர், நிரலை (கோட்) படமாகப் போடாதே என்று ஒருவர். ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எழுதிக் காட்டலாம் என்று பார்த்தால் ஆங்கிலத்தில் போட்டதும் எல்லாமே சரியாகக் கிடைக்கிறது! அங்கே போய் என்னத்தைச் சொல்வது? இன்னொரு அரட்டைக் குழுவில் கேட்டதற்கு, “ப்ரோ, முதல்ல பேசிக்ஸ் படிங்க” என்று முடித்துவிட்டார்கள்.

இங்கே தமிழில் எழுதலாம் என்பதால் முழுசாகவே எழுதுகிறேன்.

தேடினால் கிடைக்கிற ஊர்கள்: பெருந்துறை, சென்னிமலை, அந்தியூர், சிவகிரி, பவானி, நம்பியூர்.
கிடைக்காதவை: கொடுமுடி, மொடக்குறிச்சி, கோபி, கொளப்பலூர்.
ஈரோடு மட்டும் புதிர். சிலருக்குக் கிடைக்கிறது, சிலருக்கு இல்லை.

இன்னொன்று, இந்த வருஷம் புதிதாகச் சேர்த்தவர்கள் கொடுமுடிக்காரர்களாக இருந்தாலும் ஒழுங்காக வருகிறார்கள். பழைய ஆட்கள்தான் வருவதில்லை.

கோளாறு எங்கே இருக்கிறது? அப்புறம், இந்த மாதிரி ஒன்றை அந்தப் பெரிய தளங்களில் எப்படித்தான் கேட்பது? இரண்டுக்குமே பதில் தெரிந்தால் சொல்லுங்க.

அரிசிம்பருப்பு:

நண்பரே, இது மிகவும் பொதுவான பிரச்சினை. தேடும் சொல்லையும் தரவுத்தளத்தில் உள்ள சொல்லையும் முதலில் லோயர் போட்டுச் சிறிய எழுத்துக்கு மாற்றவும். பின்னர் ஸ்ட்ரிப் போட்டு முன்பின் இடைவெளிகளை நீக்கவும். சமக்குறிக்குப் பதிலாக லைக் பயன்படுத்தவும். அட்டவணைக்கு இண்டெக்ஸ் சேர்த்தால் தேடல் வேகமும் கூடும். இவற்றைச் செய்தால் உங்கள் பிரச்சினை நிச்சயம் தீரும்!

நொய்யல்கரை:

அரிசிம்பருப்பு, கோவித்துக்காதீங்க. ‘கொடுமுடி’யில் எது பெரிய எழுத்து, எது சின்ன எழுத்து? தமிழுக்கு லோயர் போட்டால் போட்டது போட்டபடியே இருக்கும். இது ஏதோ சாட்பாட்டில் கேட்டு அப்படியே ஒட்டிய மாதிரி இருக்கிறது. ‘நிச்சயம் தீரும்’ என்று ஆச்சரியக்குறி போடுகிற ஆள் நம் பக்கத்தில் கிடையாது. சாட்பாட்டைக் கேட்பது தப்பில்லை. அது சொன்னதை ஓட்டிப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள். நிரல் எழுதுகிறவர்கள் கேள்வி கேட்கிற ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் 2022 டிசம்பரிலேயே அப்படிப்பட்ட பதில்களுக்குத் தடை போட்டதற்குக் காரணம் இதுதான். பார்க்க லட்சணமாக இருக்கும், தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க வருகிறவனுக்குத்தான் நேரம் போகும்.

மண்டிக்கணக்குத் தம்பி, கிடைக்காத ஊர்களை மட்டும் ஒரு தரம் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கொ, மொ, கோ, கொ. கிடைக்கிற ஊர்களில் ஒகரமோ ஓகாரமோ ஒன்றிலாவது இருக்கிறதா? பெருந்துறையிலும் சென்னிமலையிலும் கொம்பு இருக்கிறது, ஆனால் கூடவே கால் இல்லை. கொம்பும் காலும் சேர்ந்து வரும் ஊர்தான் மாட்டுகிறது. ஈரோட்டிலும் ‘ரோ’ இருக்கிறது. அதிலே பழைய ஆட்கள் மாட்டுகிறார்கள், புது ஆட்கள் தப்பித்துவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்; பார்த்துச் சொல்லுங்கள்.

என் ஊகம் இதுதான். ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஒரு எண் கொடுக்கிற யூனிகோடு முறையில் ‘கொ’வை இரண்டு விதமாக எழுதி வைக்கலாம். க போட்டு அதன் பின்னால் ொ என்ற ஒரே குறியைப் போடுவது ஒன்று. க, ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்றாகப் போடுவது இன்னொன்று. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றேதான்; படம் பிடித்துப் போட்டால் எந்தக் கொம்பனுக்கும் வித்தியாசம் தெரியாது. யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம்தான். ஆனால் அப்படிச் சமமாகப் பார்க்க வேண்டியது மென்பொருளின் பாடு, எஸ்க்யூலைட் அதைச் செய்வதில்லை. நாம் வேறு எதுவும் சொல்லாவிட்டால் அது பைட்டுக்குப் பைட் ஒப்பிடும். ஒரு பைட் மாறினாலும் வேறு ஊர்.

ஊகத்தை நம்பி எதையும் மாற்ற வேண்டாம். முதலில் பாருங்கள். தேடினால் வராத பழைய கொடுமுடி ஒன்று, வருகிற புதுக் கொடுமுடி ஒன்று, இரண்டையும் தரவுத்தளத்திலிருந்து எடுத்து ஒவ்வொரு எழுத்துக்கும் அதன் யூனிகோடு எண்ணைச் சொல்லும் பைத்தானின் ஆர்டு செயற்கூறைப் போட்டு, வரும் எண்களை இங்கே எழுத்தாகவே ஒட்டுங்கள். கையால் அடித்த சொல்லுக்குப் போடாதீர்கள், உள்ளே இருப்பதை எடுத்துப் போடுங்கள்.

இன்னும் ஒரே ஒரு கேள்வி. பழைய பட்டியல் முதலில் எதில் இருந்தது? பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்து, பின்னால் மாற்றி ஏற்றியதா?

ஒரு வேலையும் சொல்கிறேன், அதை உடனே செய்யுங்கள். திரையைப் பிடித்து அந்த ஆங்கிலத் தளத்தில் போட்ட படத்தை எடுத்துவிடுங்கள். மண்டிப் பட்டியல் என்றால் விவசாயியின் கைப்பேசி எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் பக்கத்திலேயே இருக்கும். கேள்வி மூடினாலும் படம் அங்கேயேதான் கிடக்கும்.

மண்டிக்கணக்கு:

அக்கா, படத்தை எடுத்துவிட்டேன். நீங்கள் சொன்ன மாதிரி வங்கிக் கணக்கு எண் ஓரத்தில் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

எண்கள் இதோ.

தேடினால் வருகிற கொடுமுடி: 2965, 3018, 2975, 3009, 2990, 3009, 2975, 3007
வராத கொடுமுடி: 2965, 3014, 3006, 2975, 3009, 2990, 3009, 2975, 3007

ஒன்றில் எட்டு, இன்னொன்றில் ஒன்பது! இரண்டையும் மேலும் கீழுமாக வைத்து உற்று உற்றுப் பார்த்தேன், கண்ணுக்கு ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை.

பழைய பட்டியல் பற்றிக் கேட்டீர்கள். எனக்கு முன்னால் இருந்த கணக்கப்பிள்ளை ஐயா பாமினியில்தான் அடித்து வைத்திருந்தார். நான் அதை இணையத்தில் இருந்த ஒரு எழுத்துரு மாற்றியில் போட்டு மாற்றி ஏற்றினேன். ஈரோடும் நீங்கள் சொன்னபடியேதான், பழையது ஆறு எண், புதியது ஐந்து.

இனி என்ன செய்யட்டும்? ஒவ்வொன்றாகத் திருத்தி அடிக்க வேண்டுமா?

நொய்யல்கரை:

வேண்டாம் வேண்டாம், கையால் ஒன்றும் அடிக்க வேண்டாம்.

3018 என்பது ொ. 3014 ஒற்றைக்கொம்பு, 3006 கால். அவ்வளவுதான் விஷயம். பாமினியில் நாம் பார்க்கிற வரிசையிலேயே அடிப்போம்: முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். உள்ளே இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்துகளின் எண்கள், எழுத்துரு மட்டும் தமிழாகக் காட்டும். சில மாற்றிகள் இதை யூனிகோடாக்கும்போது கொம்பைத் தூக்கி க-வுக்குப் பின்னால் வைத்துவிட்டு, காலை அது இருந்த இடத்திலேயே விட்டுவிடும். இரண்டையும் சேர்த்து ஒன்றாக்குவதில்லை. நான் ஒரு நூற்பாலையின் கணினிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஆயிரக்கணக்கான தொழிலாளிகளின் பெயர்ப் பட்டியலை இப்படி மாற்றிய காலத்தில் பொன்னுசாமிகளும் கோவிந்தசாமிகளும் படுத்தின பாடு கொஞ்சமில்லை. கந்தசாமியும் பழனிச்சாமியும் சாதுவாகப் போய்விட்டார்கள்.

செய்ய வேண்டியது. முதலில் தரவுத்தளக் கோப்பை அப்படியே ஒரு நகல் எடுத்துப் பென்டிரைவில் போடுங்கள். எஸ்க்யூலைட்டில் முழுத் தரவும் ஒரே கோப்பு, மென்பொருளை மூடிவிட்டு நகலெடுத்தால் போதும். அதைச் செய்யாமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள்.

பைத்தானோடு யூனிகோட்டேட்டா என்ற தொகுதி கூடவே வருகிறது, தனியாக நிறுவ வேண்டியதில்லை. அதில் நார்மலைஸ் என்று ஒரு செயற்கூறு. அதற்கு என்எஃப்சி என்ற பெயரையும் உங்கள் சொல்லையும் கொடுத்தால், பிரிந்து கிடக்கும் கொம்பையும் காலையும் ஒன்றாக்கிக் கொடுக்கும். ஏற்கெனவே ஒன்றாக இருப்பதைத் தொடாது. ஊர், பெயர், தகப்பனார் பெயர் என்று எழுத்து இருக்கும் ஒவ்வொரு கட்டத்தையும் அதில் போட்டு எடுங்கள். போட்டதும் மாறுகிறவற்றை மட்டும் முதலில் ஒரு கோப்பில் எழுதிப் பார்த்துக்கொள்ளுங்கள். திருப்தியானால் திருத்துங்கள். அதற்கப்புறம் இரண்டு இடத்தில் அதே செயற்கூறைப் போட்டுவிடுங்கள்: புதிதாக ஒரு ஆளைச் சேர்க்கும்போது ஒன்று, தேடும் சொல்லுக்கு ஒன்று. பழையதை மட்டும் திருத்திவிட்டு வாசலைத் திறந்து வைத்தால் அடுத்த வருஷம் இதே கதைதான்.

இதில் ஒரு சிக்கல் வரும். பழைய கொடுமுடி ஆள் தேடினால் கிடைக்கவில்லை என்று யாராவது அவரையே புதிதாகச் சேர்த்திருப்பீர்கள். திருத்தியதும் ஒரே ஊர், ஒரே பெயர் என்று இரண்டு வரி வந்து நிற்கும். ஊரும் பெயரும் சேர்ந்து ஒரு தடவைதான் வரலாம் என்று நீங்கள் கட்டுப்பாடு போட்டிருந்தால் அங்கேயே பிழை காட்டி நின்றுவிடும். நிற்கட்டும், நல்லதுதான். அவற்றைத் தானாக ஒன்றுசேர்க்கும் வேலை மட்டும் வேண்டாம். நம் ஊரில் ஒரே தெருவில் பழனிச்சாமி எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியாதா? ஒருவருடைய முன்பணம் இன்னொருவர் தலையில் ஏறிவிடும். அந்தச் சில வரிகளைத் தகப்பனார் பெயர், கைப்பேசி எண் பார்த்துப் பேரேட்டோடு ஒத்திட்டுக் கையால் முடியுங்கள்.

தறிச்சத்தம்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். சோமனூர்ப் பக்கம் தறிக்காரர்களுக்குப் பாவு, நூல் கணக்கு மென்பொருள் போட்டுத் தருகிறவன் நான். அக்கா சொன்னது சரி, ஆனால் இதோடு முடியாது.

தம்பி, கவுந்தப்பாடி ஆட்கள் உங்கள் மண்டிக்கு வருகிறார்களா? அதைக் கவுந்தப்பாடி என்று ஒருவர் அடிப்பார், கௌந்தப்பாடி என்று ஒருவர் அடிப்பார், ஒற்றைக்கொம்பு போட்டுப் பின்னால் ள எழுத்தைப் போட்டுக் கெளந்தப்பாடி என்றும் ஒருவர் அடிப்பார். கடைசி இரண்டும் திரையில் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் என்எஃப்சி இதைச் சேர்க்காது. அதைப் பொறுத்தவரை கெள என்பது கெ, ள என்று இரண்டு எழுத்து, அது தப்பும் இல்லை. கெளுத்தி என்று மீன் இருக்கிறதே, அதைக் கௌுத்தி ஆக்கினால் என்ன ஆகும்! என் தறிக்காரர்களில் பாதிப் பேருக்கு நிறுவனப் பெயர் ஸ்ரீ என்று தொடங்குகிறது. அந்த ஸ்ரீயையும் ஸ் போட்டு எழுதலாம், 3000. வடமொழி ஶ போட்டும் எழுதலாம், 2998. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். இதற்கும் என்எஃப்சி ஒன்றும் செய்யாது.

அதனால் ஊர்ப்பெயரை அடிக்கவே விடாதீர்கள் என்பதுதான் என் கட்சி. ஊர்களுக்குத் தனி அட்டவணை, ஒவ்வொரு ஊருக்கும் ஒரு எண், திரையில் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பது. ‘தேடலை எப்படிச் சரிசெய்வது’ என்று கேட்டால் தேடலுக்குத்தான் பதில் வரும். ‘ஒரே விவசாயி இரண்டு ஆளாகப் பதிவாகிறார், எப்படித் தடுப்பது’ என்று கேட்டிருந்தால் முதல் பதிலே இதுவாக இருந்திருக்கும்.

மண்டிக்கணக்கு:

அண்ணா, பட்டியல் வைத்துப் பார்க்காமல் இல்லை. மண்டியில் காலையில் வண்டி வந்து நிற்கும்போது சாக்கு இறக்குகிற இடத்திலேயே நின்றுகொண்டு அடிக்கிறார்கள். நீளமான பட்டியலில் ஊரைத் தேடிக்கொண்டிருந்தால் பின்னால் நிற்கிற வண்டிக்காரர் சத்தம் போடுவார். அதோடு, விவசாயிகள் சொல்வது தோட்டத்துப் பெயர், சாளை (தோட்டத்து வீடு) பெயர். ஊர் அட்டவணையில் அதெல்லாம் எங்கே இருக்கிறது? கடைசியில் எல்லோரும் முதலில் இருக்கிற அந்தியூரையே தேர்ந்தெடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

நொய்யல்கரை:

அந்தியூர்க் கதை ரொம்பச் சரி! எங்கள் ஆலையில் பிறந்த தேதிக்குப் பட்டியல் வைத்ததில் பாதி ஆலையும் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தது.

தறிச்சத்தம் சொல்வதைப் பாதி எடுத்துக்கொள்ளுங்கள். அடிக்க விடுங்கள், ஆனால் இரண்டு மூன்று எழுத்து அடித்ததும் ஏற்கெனவே இருக்கும் ஊர்கள் கீழே வந்து நிற்கட்டும். கவு, கௌ, கெள மூன்றில் எதை அடித்தாலும் ஒரே கவுந்தப்பாடி வரும்படி மாற்றுப்பெயர் அட்டவணை ஒன்று வையுங்கள். எல்லா ஊருக்கும் வேண்டாம், வம்பு பண்ணுகிற ஊர்களுக்கு மட்டும். தோட்டத்துப் பெயருக்குத் தனிக் கட்டம் கொடுத்துவிடுங்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. எந்தத் தளத்தில் கேட்டீர்களோ தெரியாது, எனக்குப் பழக்கமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவை வைத்துச் சொல்கிறேன். 2008-ல் தொடங்கியது. அது ஆளுக்கு ஆள் உதவி செய்யும் இடம் என்று நினைத்துப் போனால் மனசு நோகும். நாளைக்கு இதே கோளாறோடு வருகிறவன் தேடிப் படிக்கிற மாதிரி கேள்வியையும் பதிலையும் சேர்த்து வைப்பதுதான் அங்கே நோக்கம். வணக்கம், நன்றி, அவசரம் எல்லாவற்றையும் வெட்டிவிடுவார்கள். நாம் ‘ஏனுங்க, வாங்க, சாப்பிட்டீங்களா’ என்று ஆரம்பிக்காமல் விஷயத்துக்கு வந்தால் மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்கள். அங்கே அதைத் திண்ணையிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர் அடுத்தவர் கேள்விக்குக் கீழே கருத்து எழுத 50 புள்ளி வேண்டும். இது தெரியாமல் பலர் தங்கள் சந்தேகத்தைப் பதில் பெட்டியில் எழுதி, அது அழிக்கப்பட்டு, கோவித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். மூடிய கேள்வி என்பது அழிந்த கேள்வி இல்லை. திருத்தி எழுதலாம், திருத்தினால் மறுபடி திறக்கச் சொல்லி வாக்குப் போடுவார்கள். அங்கே ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ், ரஷ்யன், ஜப்பானிய மொழிகளுக்குத் தனித் தளம் உண்டு, தமிழுக்குக் கிடையாது. ஆகவே ஆங்கிலம்தான். ஆனால் ஆங்கிலம் நன்றாக இருக்க வேண்டும் என்று அவசியமே இல்லை. உங்கள் கேள்விக்கு மொத்தம் பத்து வரி போதும்.

நானாக இருந்தால் இப்படி எழுதுவேன். தலைப்பில்: எஸ்க்யூலைட்டில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு தமிழ்ச் சொற்கள் சமமாக வரவில்லை. அதற்குக் கீழே, மண்டியும் வேண்டாம், மஞ்சளும் வேண்டாம், முன்பணமும் வேண்டாம். ஒரே கட்டம் உள்ள அட்டவணையை நினைவகத்திலேயே உருவாக்கி, பழைய கொடுமுடியை அதில் போட்டு, புதுக் கொடுமுடியால் தேடுகிற நாலைந்து வரி நிரல். யார் ஒட்டி ஓட்டினாலும் அதே கோளாறு அவர் திரையிலும் வர வேண்டும். ஒரு வரியில் என்ன எதிர்பார்த்தேன், ஒரு வரியில் என்ன வந்தது. அப்புறம் கிடைக்கிற சொல் எது, கிடைக்காத சொல் எது. தமிழ் தெரியாதவருக்குக் கொடுமுடி ஒரு கோலம் மாதிரிதான் தெரியும், ஆனால் 3018-ம் 3014, 3006-ம் யாருக்கும் தெரியும். ஆர்டு எண்களைப் போட்டிருந்தீர்கள் என்றால் தமிழே தெரியாத ஒரு ஃபின்லாந்துக்காரர்கூட அஞ்சு நிமிஷத்தில் சொல்லியிருப்பார். இதே தொல்லை அவர்கள் ஊரில் எழுத்துக்கு மேல் வைக்கிற இரட்டைப் புள்ளிக்கும் உண்டு.

எண் எடுக்க வேண்டும் என்றே உங்களுக்குத் தெரியாதே, அதை எப்படி முன்னாலேயே போடுவது என்று கேட்பீர்கள். நியாயம்தான். அதற்குத்தான் கிடைக்கிறது, கிடைக்காதது என்று இரண்டு வரிசை எழுதுவது. அதை எழுத எந்தப் பாடமும் படிக்க வேண்டாம். இங்கே நீங்கள் எழுதியிருந்தீர்கள், அதனால் எனக்குக் கோட் ஒரு வரிகூடத் தேவைப்படவில்லை.

“முதல்ல பேசிக்ஸ் படிங்க” என்று சொன்னவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும், அவர் இதைப் படிப்பாரா தெரியாது. இருபது வருஷ அனுபவமுள்ள ஆட்களே இந்த இடத்தில் முழிப்பதைப் பார்த்திருக்கிறேன். இது எந்தப் பேசிக்ஸிலும் வராது. பதில் தெரியவில்லை என்றால் சும்மா இருந்துவிடலாம், அதற்குக் காசா பணமா? இல்லை, “எந்த ஊர் கிடைக்கிறது, எந்த ஊர் கிடைக்கவில்லை?” என்று ஒரே ஒரு கேள்வி திருப்பிக் கேட்டிருக்கலாம். ‘முழு நிரலையும் அனுப்பு’ என்று கேட்கிறவர்களும் உண்டு. அனுப்பினால் படிப்பதில்லை.

வரத்து ஓய்ந்த பிறகு நேரம் கிடைத்தால், மூடிய அந்தக் கேள்வியைத் திருத்தி எழுதி, மறுபடி திறந்ததும் பதிலையும் நீங்களே போடுங்கள். தன் கேள்விக்குத் தானே பதில் போடுவதை ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் அனுமதிக்கிறார்கள். தமிழ்ப் பெயரோடு பழைய எழுத்துருவிலிருந்து மாறி வருகிறவர்கள் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

மண்டிக்கணக்கு:

அக்கா, அண்ணா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. (இங்கே நன்றி சொன்னால் வெட்ட மாட்டீர்கள்தானே?) நகல் எடுத்துவிட்டுத் திருத்தினேன். கொடுமுடி, மொடக்குறிச்சி, கோபி, கொளப்பலூர் எல்லாம் வந்துவிட்டன. நீங்கள் சொன்ன மாதிரியே சில பேர் இரண்டிரண்டு வரியாக நின்றார்கள், அவர்களைப் பேரேட்டோடு உட்கார்ந்து பார்த்தேன். அதில் ஒரு ஜோடி அப்பனும் மகனும் இல்லை, மாமனும் மருமகனும்! ஒரே பெயர், ஒரே ஊர். தானாகச் சேர்த்திருந்தால் குடும்பச் சண்டையில் போய் முடிந்திருக்கும்.

முதலாளி இன்னும் பேரேட்டை மூடச் சொல்லவில்லை, இரண்டையும் சேர்த்து எழுதச் சொல்கிறார். பரவாயில்லை.

இன்னொரு சந்தேகம். ஊர் வரிசையில் அச்செடுத்தால் அந்தியூர், அன்னூர், அம்மாபேட்டை, அவிநாசி என்று வருகிறது. முதலாளி அன்னூரைக் கடைசியில் தேடிவிட்டு இல்லை என்கிறார். இதுவும் அந்தக் கொம்பு, கால் விவகாரம்தானா?

தறிச்சத்தம்:

இது வேறு விவகாரம், தம்பி. முதலாளி தேடுகிற இடம்தான் சரி. அகராதி வரிசைப்படி அந்தியூர், அம்மாபேட்டை, அவிநாசி, அன்னூர் என்றுதான் வர வேண்டும். யூனிகோடில் ன-வுக்கு எண் 2985. அது ந-வுக்கு அடுத்ததாக, ப-வுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. ற-வும் ர-வை ஒட்டியே இருக்கிறது, ழ-வும் ள-வும் வ-வுக்கு முன்னால் வந்துவிடுகின்றன. எண் வரிசையில் அடுக்கினால் இப்படித்தான் வரும்.

இரண்டு வழி இருக்கிறது. பைத்தானில் ஐசியு என்ற நூலகத்தைச் சேர்த்தால் தமிழ் வரிசை தெரிந்து அடுக்கும். அதை எஸ்க்யூலைட்டிலேயே ஒப்பீட்டு முறையாகவும் பதிந்துகொள்ளலாம். இல்லையென்றால் க ங ச ஞ என்று ன வரைக்கும் நம் வரிசையில் ஒரு சரம் எழுதி, ஒவ்வொரு எழுத்துக்கும் அதில் எத்தனையாவது இடமோ அதை வைத்து அடுக்குங்கள். ஊர்ப் பட்டியலுக்கு இதுவே போதும். ஜ, ஷ, ஸ, ஹ எல்லாவற்றையும் ன-வுக்கு அப்புறம் வைத்துவிடுங்கள்.

ஐசியு வழியே போவதானால் விண்டோஸில் அதை நிறுவுவது கொஞ்சம் இழுக்கும். மாட்டிக்கொண்டால் தனிக் கேள்வியாகவே போடுங்கள். விண்டோஸ் எது, பைத்தான் எந்தப் பதிப்பு, வந்த பிழைச் செய்தியின் கடைசி வரி என்ன, இந்த மூன்றும் இருந்தால் நான் ராத்திரி தறி நின்றதும் பார்த்துச் சொல்கிறேன்.